பின் அறைக்கு ஒரு பூட்டு

"பெரிய பூட்டாவே வாங்கியாந்துட்டேன். போதுமா?" என்று வேலாயுதம் தங்கையின் முன்னால் அதைத் தூக்கிக் காட்டினார்.

"போதும்ணா" என்றாள் அமிர்தவள்ளி. "மாப்பிள வீட்டுக்காரங்க போறவரைக்கும் சின்னவ பின்ரூம்லயே கெடக்கட்டும். அவங்க எதிர்ல இழுத்துக்கினு விழுந்தான்னா, பெரியவ கல்யாணம் அவ்ளோதான்."

வேலாயுதத்தின் சின்ன மகள் முத்துமாரி பத்தாவது படிக்கிறாள். வலிப்பு உண்டு, மாத்திரையும் உண்டு. ஆனால் அமிர்தவள்ளிக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. போன மாதம் முத்துமாரி தெருவில் விழுந்தபோது, தன் தோல் செருப்பைக் கழற்றி மூக்கில் வைத்து அழுத்தியது அமிர்தவள்ளிதான்.

"வலிப்பு வந்ததே எனக்குத் தெரியல அத்தே. முழிச்சா மூஞ்சி பூரா செருப்பு நாத்தம், சுத்தி ஊரே நிக்குது!" என்று அன்றைக்கு முத்துமாரி கத்தினாள். "தோல் வாசனைக்கு நிக்கும்னா, அக்கா வேல செய்யற ஷூ கம்பெனியில ஒருத்திக்கும் வரக் கூடாதே? ரெண்டு பேருக்கு இருக்கு!"

"வாயப் பாரு" என்றாள் அமிர்தவள்ளி.

ஞாயிற்றுக்கிழமை நெமிலியிலிருந்து மாப்பிள்ளை இன்பராஜ், அவன் அம்மா, கூட இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வாசலில் அவர்கள் விட்ட செருப்புகளை வேலாயுதமே குனிந்து பொறுக்கினார்.

"தெருவுல நாய் ஜாஸ்தி. கவ்விக்கினு போய்டும்."

தான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப் முதலாளிக்கே கும்பிடு போடாத மனுஷன், சம்பந்தி செருப்பைத் தூக்குகிறாரே! அமிர்தவள்ளிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பின் அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. நிம்மதியாக உட்கார்ந்தாள்.

டீத் தட்டோடு வந்தவள் முத்துமாரி.

அமிர்தவள்ளி சட்டென்று பின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"இவ என் சின்னப் பொண்ணு" என்றார் வேலாயுதம். "வலிப்பு இருக்கு, மாத்திர சாப்பிடறா. மறைச்சுக் கட்டிக் குடுக்கற வேலை நம்மகிட்ட கெடையாது. இஷ்டம்னா மேல பேசலாம்."

மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறப்பதற்குள் முத்துமாரியின் கண் மேலே செருகியது. எல்லாருக்கும் டீ கொடுத்து முடித்த வெறும் தட்டு தரையில் விழுந்து அதிர்ந்தது.

"ஐயோ, செருப்பு! செருப்பு எடுங்க!" அமிர்தவள்ளி வாசலுக்கு ஓடினாள். மாப்பிள்ளையின் அம்மாவும் செருப்பு தேடிப் பின்னாலேயே ஓடினாள். வாசலில் ஒற்றைச் செருப்புகூட இல்லை.

வேலாயுதம் மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க. தானா நிக்கும்."

இரண்டு நிமிஷத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்த முத்துமாரி, முகத்தைத் தடவிக் கையை மோந்து பார்த்தாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீய கொட்டிட்டேனாப்பா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு. உங்கக்காவ இன்னொரு டம்ளர் கொண்டாரச் சொல்லு" என்று இன்பராஜின் அம்மா மறுபடியும் உட்கார்ந்தாள்.

அமிர்தவள்ளிக்குத்தான் ஆறவில்லை. "அப்போ பின்ரூம்ல யாரத்தாண்ணா வெச்சுப் பூட்டின?"

வேலாயுதம் சாவியைத் தூக்கி அவள் கையில் போட்டார்.

"உங்க அத்தினி பேர் செருப்பையும்."