பன்னிரண்டாவது கேள்வி

திருநங்கை செண்பகவல்லிக்கு மறதிநோயில் எல்லாமே மறந்துபோயிருந்தது. அப்பா வைத்த ஆண்பெயருக்கு மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"இனி அந்தப் பேரையே சொல்லுங்க சிஸ்டர்," என்றார் அண்ணன் பேச்சிமுத்து.

நர்ஸ் ஜெசிந்தாவுக்கு மனம் ஒப்பவில்லை. கட்டிலோரக் குரல்பெட்டியைத் தட்டினாள். நோயாளிகள் நினைவோடு இருக்கையிலேயே தங்களை எப்படிக் கவனிக்கவேண்டும் என்ற கேள்விகளுக்குச் சொல்லிவைத்த பதில்கள் அதில் உண்டு. அந்தக் கேள்விகளை மறதிநோய் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து எழுதியவர்கள் வயதான திருநங்கைகள். பன்னிரண்டாவது, செண்பகவல்லியே சண்டைபோட்டுச் சேர்த்தது: எல்லாம் மறந்தபின் உங்களை எப்படிக் கூப்பிட?

பெட்டி அவர் குரலிலேயே பேசியது: "பழைய பேருக்கு நான் திரும்புனாலும் நம்பாதீங்க. செண்பகவல்லின்னே கூப்பிடுங்க."

கட்டிலில் இருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார். "யாரு பேரு அது?"

"உங்க பேருதாம்மா," என்றாள் ஜெசிந்தா.

"எனக்கா! இம்புட்டு நல்ல பேரா?" முகம் மலர்ந்தவர், பேச்சிமுத்துவின் கையைப் பிடித்திழுத்துக் கிசுகிசுத்தார்: "ஐயா, எங்க அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."