நான்காவது சாட்சி

"ஊசின்னா வேண்டாம் நர்ஸம்மா. நேத்துதானே குத்துனீங்க!"

பெரியவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வந்தவள் நர்ஸ் அல்ல. போருக்குப் போய் வந்தவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிந்துவைக்கும் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"அவருக்கு இங்க வர்ற பொம்பளைங்க எல்லாருமே நர்ஸம்மாதான். நேத்து குழாய் ரிப்பேர் பண்ண வந்த அக்காகிட்டயும் மாத்திரை கேட்டாரு" என்று முதியோர் இல்லத்து ஆயா சிரித்துவிட்டுப் போனாள். சரி, நர்ஸாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று பதிவுக் கருவியை மேசையில் வைத்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

வேலைக்காக மட்டும் அவள் வரவில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போர்முனையில் ஒரு மலைமேல் இறந்துவிட்டார். கடைசி நேரத்தில் உடன் இருந்தவர்கள் நான்கு நண்பர்கள். மூன்று பேரைப் பதிந்தாகிவிட்டது. மூவரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டான்மா. வலியே தெரியல."

அப்பாவின் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு அவர்கள் அம்மாவிடம் சொன்னதும் அதேதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நாற்பத்தைந்து வருஷமாகத் தூங்குகிறாள். நாலாவது ஆளான இந்தப் பெரியவரின் குரலையும் சாயங்காலம் போட்டுக் காட்டுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"அந்த மலையில என்ன நடந்துச்சு, ஐயா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒருத்தன் கிடந்தான். பாறைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்தான். வயித்துல குண்டு. நாங்க தலையைத் தூக்குனா சுடுறாங்க. ரெண்டு நாளு, நர்ஸம்மா."

"ரெண்டு நாளா?"

"தண்ணி தண்ணின்னான். பாட்டிலைத் தூக்கிப் போட்டோம், அவன் கைக்கு எட்டல. நடுவுல எங்களைச் சிரிக்க வேற வைக்கிறான், பாவி. 'இன்னைக்கு என் சமையல்டா, தப்பிச்சீங்க'ங்கறான்."

பெரியவர் குலுங்கி அழுதார். பேசுகிறவரை நடுவில் நிறுத்தக்கூடாது, பதிவை அணைக்கக்கூடாது என்பது காப்பகத்தின் சட்டம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். தண்ணீர் டம்ளரை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

யார் பெற்ற பிள்ளையோ! நம் அப்பாவுக்காவது நிமிஷத்தில் போகிற கொடுப்பினை இருந்தது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"மூணாம் நாள் விடிஞ்சப்ப சத்தம் இல்ல" என்றார்.

"அவர் பேர் என்னங்க ஐயா? அவங்க வீட்டுல யாராவது வந்து கேட்டா, நீங்க சொன்னதைப் போட்டுக் காட்டலாமே."

பெரியவர் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பற்றினார். அந்த வயதுக்கு அது இரும்புப் பிடி.

"ஐயையோ, கூடவே கூடாது! நாங்க நாலு பேரும் அவன் மேலயே சத்தியம் பண்ணியிருக்கோம்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அவன் பொண்ணு என்னைக்காவது வந்து கேட்டா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டான், வலியே தெரியலன்னு சொல்லிடுங்க, நர்ஸம்மா."