வலீமாவில் ஒரு சிகரெட்

"மறைக்காம சொல்லுங்க ஆன்ட்டி. எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணேதானா?"

"ஒண்ணுதான். அதையும் பாதியிலேயே அணைச்சாச்சு."

ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவை ஒட்டி இருந்தது அந்த கிளினிக். சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு உதவும் கவுன்சலர் ஓவியா, கம்ப்யூட்டரில் 'ஒன்று' என்று பதிந்துகொண்டாள். எதிரே கமருன்னிசா முக்காட்டைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மூன்று மாதமாக ஒரு புதன்கிழமைகூடத் தவறாமல் வருகிறவர்.

"எங்க நடந்துச்சு?"

"எங்க சொந்தக்காரப் பையன் ஹஸ்னைனோட வலீமால. அதாம்மா, கல்யாண விருந்து. பிரியாணி சாப்ட்டு, மேல ஒரு டீயும் குடிச்சா பழைய ஞாபகம் வராம இருக்குமா? பார்க்கிங் லாட்ல ஆம்பளைங்க நாலு பேர் பிடிச்சிட்டு நின்னாங்க..."

ஓவியா நிமிர்ந்தாள். "அவங்ககூடவா போய் நின்னீங்க?"

கமருன்னிசா கொஞ்சம் யோசித்தார். "இல்ல, தள்ளித்தான். கார் பின்னாடி."

ஓவியா அதையும் பதிந்துகொண்டாள்.

"அடுத்த மாசம் என் பொண்ணு ஃபைஹாவுக்கு டெலிவரி. சிகரெட் நாத்தம் அடிச்சா பிள்ளையைத் தூக்கவே விட மாட்டேன்னு கண்டிஷனா சொல்லிட்டா. மூணு மாசம் பாடுபட்டு, ஒரு பிரியாணியில போச்சே! எனக்கு வந்த கோவத்துல ரெண்டு நாள் வீட்ல யார்கூடயும் பேசல."

"அப்படித் திட்டிக்கக் கூடாது ஆன்ட்டி. ஒரு தடவை ஸ்லிப் ஆனா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. நிறைய பேருக்கு நடக்குறதுதான். திட்டினா அந்த டென்ஷன்லயே இன்னொண்ணு பிடிக்கத் தோணும்."

"அப்போ திட்டவே கூடாதா?"

"கூடாது."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு வார்த்தைகூட."

கமருன்னிசாவின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"அடுத்த விருந்துல சாப்ட்டு முடிச்சதும் நிக்கோடின் கம் ஒண்ணு வாயில போட்டுக்கோங்க. பார்க்கிங் லாட் பக்கமே போக வேணாம். ஆசை வந்தா உடனே எனக்கு கால் பண்ணுங்க. பேசிட்டு இருக்கும்போதே அந்த ஆசை போயிடும்."

"நானே கால் பண்றேன்மா. வேற யார் பண்ணப் போறாங்க?" என்றார் கமருன்னிசா அவசரமாக.

மூச்சில் புகை கலந்திருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் மெஷினை வழக்கம்போல நீட்டினாள் ஓவியா. கமருன்னிசா ஊதினார். திரையைப் பார்த்த ஓவியாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாருங்க, பச்சைக் குழந்தை ஊதின மாதிரி இருக்கு! என் பேஷன்ட்ஸ்லயே உங்க ஒருத்தருக்குத்தான் வாராவாரம் இப்படி வருது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கமருன்னிசா.

"நிக்கோடின் பேட்ச் மட்டும் நிறுத்திடாதீங்க. தினமும் புதுசா ஒண்ணு, வேற வேற இடத்துல ஒட்டணும்" என்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினாள் ஓவியா.

வெளியே, பிளட் பிரஷர் பார்க்க வந்து காத்திருந்த ஹஃப்சா எழுந்து நின்றாள். இருவரும் ஒரே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள்.

"கமரு அக்கா! நீங்களா?"

ஹஃப்சாவின் பார்வை கதவில் இருந்த 'புகைப்பதை நிறுத்துவோம்' போர்டுக்குப் போய், கமருன்னிசாவின் கையில் இருந்த பெட்டிக்கு வந்து நின்றது.

"உங்களுக்காக துஆ செய்றேன்க்கா" என்றாள் மெல்ல.

காரில் காத்திருந்தார் பசீர் அகமது. பள்ளிவாசல் கமிட்டித் தலைவர். எத்தனை வேலை இருந்தாலும் புதன்கிழமை மனைவியை கிளினிக்குக்கு அழைத்து வருவதை மட்டும் அவர் விட்டதில்லை.

"என்ன சொன்னா ஓவியா?"

"திட்டக் கூடாதாம்."

"நல்ல பொண்ணு."

"உள்ள ஹஃப்சா பாத்துட்டா. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள்ள ஃப்ரீமான்ட் பூரா தெரிஞ்சிடும். அடுத்த வாரமாவது நீங்களும் உள்ள வாங்களேன்."

"நான் எப்படி வர்றது கமரு? கமிட்டித் தலைவரை அங்க யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"என்னைப் பாத்தா மட்டும் நெனைக்க மாட்டாங்களா?"

பசீர் அகமது சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி, புதுப் பேட்ச் ஒட்ட வாகாகக் காட்டினார்.

"உனக்கென்ன, நீதான் சிகரெட்டே பிடிக்கிறதில்லையே!"