காற்றின் மேல் பழி

நோலீன் அறிக்கையை மேசைமேல் விட்டெறிந்தாள். தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க, பிரைஸ்? வானிலை மட்டும்தான் இருக்கு."

பிரைஸ் தலையைக் குனிந்துகொண்டான். டப்போ, பாதர்ஸ்ட் போன்ற சிறிய ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நர்சுகளும் அவனுடைய முதலீட்டு நிறுவனத்தை நம்பிப் போட்ட சேமிப்பு மொத்தமும் போய்விட்டது. அவர்களுக்கு அவன் எழுதிய விளக்கம்தான் அந்த அறிக்கை. எதிர்க்காற்று அடித்ததாம். எங்கிருந்தோ புயல் வந்ததாம். பண ஊற்று வற்றியதாம். இருந்தாலும் அங்கங்கே பச்சைத் துளிர் தெரிகிறதாம்.

பணம் எப்படிப் போனது என்று காலையிலிருந்து அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவன் சந்தை, பருவம், பங்கு விலை சரியும் 'கரடி'க் காலம் என்றே சுற்றிச் சுற்றி வந்தான். மதியம் வாங்கி வைத்த சாண்ட்விச் பிரிக்காமலே கிடந்தது. சிட்னித் துறைமுகத்து வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவளுடைய தலைவலியைக் கிளறியது.

"ஊத்து தானா வத்துச்சா, யாராவது இறைச்சாங்களா?"

"அது சந்தை நிலைமை, நோலீன். நம்ம கையில இல்லாத…"

"வேற ஒருத்தர் கேக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கறேன். காத்து மழை எதுவும் வேண்டாம். 'நான்'னு ஆரம்பிச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க, போதும்."

அவன் அறிக்கையைக் கவிழ்த்து வைத்தான். பிறகு குரல் உடைந்தது.

"நான்… என் சிநேகிதனோட சுரங்கத்துல போட்டேன். அந்த இடத்தைப் போய்ப் பாக்கக்கூட இல்ல. அங்க ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரிஞ்சப்புறமும், அவனைக் காப்பாத்த மிச்சத்தையும் அதுலயே கொட்டினேன்."

சொல்லி முடித்ததும் அழுதான். அழுகைக்கு நடுவே முகம் தெளிந்தது. இத்தனை மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது என்றான். அந்தப் பெரியவர்கள் முன்னால் நின்று, இதை இப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடப் போகிறேன் என்றான்.

நோலீன் பேனாவை மூடினாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க வக்கீலாச் சொல்றேன், பிரைஸ். நாளைக்குக் கோர்ட்டுல, காத்துதான் அடிச்சுது."