கண்ணாடி போடாத பிள்ளை

"இப்பல்லாம் ஆளுங்க எதையும் சும்மா விடுறதில்ல. பெட்டிக்குள்ள கிடக்குற குழந்தைக்குக் கண்ணு டெஸ்டாம். அது என்ன பேப்பர் படிக்கப் போகுதா?"

பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில் நின்று பெரியவர் பொரிந்து தள்ளினார். சைக்கிள் கடையில் தெருவையே அதட்டிப் பழகிய குரல். வீட்டிலும் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், இன்குபேட்டர் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பேரன் படுத்திருந்தான்.

"ஐயா, குழந்தை ஏழாம் மாசத்துலயே பிறந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. "எடை ஒரு கிலோகூட இல்ல. ரொம்ப நாளா ஆக்சிஜன் வேற போகுது. இந்த மாதிரி குழந்தைங்களுக்குக் கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் தாறுமாறா வளரலாம். இந்த வாரமே பார்த்தா லேசர் வெச்சுக் காப்பாத்திடலாம். விட்டா பார்வையே போயிடும்."

"காத்து வெச்சா கண்ணு போகுமா? நானும் ஆயுசு பூரா காத்து அடிச்சவன்தான். டியூப் வெடிச்சுப் பார்த்திருக்கேன். கண்ணு அவிஞ்சு பார்த்ததில்ல. அப்படிப்பட்ட காத்தை எதுக்கு வெச்சீங்க?"

"வைக்கலைன்னா குழந்தையே இருந்திருக்காதே ஐயா."

"தாத்தா வாய்க்கு ஒரு வால்வு மாட்டினா தேவலை" என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

பெரியவர் காதில் அது விழவில்லை. பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகனைச் சுட்டிக்காட்டினார்.

"இதோ, குழந்தையோட அப்பன். இவனும் ஏழாம் மாசம்தான். எலிக்குஞ்சு மாதிரி இருந்தான். இதே பெட்டி, இதே காத்து. ஒருத்தரும் டெஸ்டுன்னு வந்து நிக்கல. என்ன குறைஞ்சு போச்சு? பேங்க்ல வேலை. கல்யாணம் ஆச்சு, இப்ப பிள்ளையும் ஆச்சு. இன்னைய வரைக்கும் ஒரு நாள் கண்ணாடி போட்டதில்ல."

டாக்டரம்மா மகனைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

மகன் எழுந்தான். "அப்பா, போதும். இது என் பிள்ளை. டாக்டர், இன்னைக்கே பார்த்துடுங்க. கையெழுத்து எங்க போடணும்?"

டாக்டரம்மா அவன் விரலைப் பிடித்து, கையெழுத்துக் கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

"இவன் கண்ணு ஒண்ணும் காத்தால போகல. பல்லு முளைக்கிறப்ப வந்த காய்ச்சல்ல போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பெரியவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.