பதினான்காவது நாற்காலி

"பதிமூணு பேரா? நான் உட்கார மாட்டேன்!"

அசுந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்து. நேப்பிள்ஸில் மீன் வியாபாரி சவேரியோவின் வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தது. அண்ணன் எத்தோரேவுக்குக் காய்ச்சல், வரவில்லை என்று அப்போதுதான் போன் வந்தது. பதினான்கு பேர் பதிமூன்றாகிவிட்டார்கள்.

"அக்கா, ஸ்பகெட்டி ஆறுது. ஆறின ஸ்பகெட்டியை விடவா பதிமூணு கெட்டது?" என்றார் சவேரியோ.

"பதிமூணு பேர் உட்கார்ந்து சாப்பிட்டா, வருஷம் திரும்பறதுக்குள்ள ஒருத்தர் போயிடுவாங்க. இங்க இருக்கறதுல மூத்தவ நான்தான்டா!"

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடலாமே?" என்றார் மைத்துனர்.

"இன்னைக்குத் தன் வீட்டு விருந்தை விட்டுட்டு எவன்டா வருவான்?"

சவேரியோவின் மகள் நுன்சியா தொண்டையைக் கனைத்தாள். "மாடியில ஒருத்தர் தனியாத்தான் இருக்கார்."

யாரென்று எல்லோருக்கும் தெரியும். யோஸ்ட், ஹாலந்துக்காரன். நுன்சியாவைப் பெண் கேட்டுக் கோடையில் முதல்முறை சாப்பிட வந்தவன், ஸ்பகெட்டியைக் கத்தியால் நறுக்கினான். போதாதென்று, அதிலிருந்த மட்டிச் சிப்பியின் மேல் சீஸையும் தூவினான். நேப்பிள்ஸில் இரண்டுமே மன்னிக்க முடியாத குற்றம். "இனி இவன் என் மேசையில உட்கார மாட்டான்!" என்று இதே உறவுகள் முன்னால் சொல்லிவிட்டார் சவேரியோ. மேசையில் இடமில்லாதவனுக்குப் பெண்ணும் இல்லை. அன்றிலிருந்து அவன் மாலை வகுப்பில் இத்தாலியன் படிக்கிறான். நுன்சியா அழுகிறாள்.

"அவனா? செத்தாலும் நடக்காது!" சவேரியோ மேசையைத் தட்டினார். "மீன் விலையையே ஒரு தடவை சொன்னா மாத்தாதவன் நான்."

"அடப்பாவி, சாகப்போறது நானு! உன் வாக்கைக் காப்பாத்த நான் பெட்டிக்குள்ள போகணுமா?"

"மாமா, பசி காதை அடைக்குது. இறங்கி வாங்க!"

ஆளுக்கொரு பக்கம் கெஞ்சினார்கள். சந்தையில் கடைசி மீனை வைத்திருப்பவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார் சவேரியோ.

கடைசியில், "சரி, அக்கா உயிருக்காக" என்றார். "ஆனா நான் கூப்பிட மாட்டேன்."

அவர் வாயை மூடுவதற்குள் நுன்சியா படியேறியிருந்தாள்.

யோஸ்ட் டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். "தாங்கள் அனைவரும் என்னை நினைவுகூர்ந்து அழைத்தமைக்கு மிக்க நன்றி."

"என்னடா இது, கோயில் பிரசங்கம் மாதிரி பேசுறான்? முதல்ல உட்காருப்பா!" என்றாள் அசுந்தா.

உட்கார்ந்தான். மைத்துனர் வேண்டுமென்றே சீஸ் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினார். எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள். நுன்சியா கண்ணை மூடிக்கொண்டாள்.

யோஸ்ட் ஸ்பகெட்டியை முள்கரண்டியில் அழகாகச் சுற்றினான். "மட்டிக்கு சீஸா? என்னண்ணே, ஆளைக் காலி பண்ணப் பாக்குறீங்களா?"

அசல் நேப்பிள்ஸ் தெருப்பேச்சு! சிரிப்பில் மேசையே அதிர்ந்தது. அசுந்தாவுக்குப் புரையேறிவிட்டது.

"சவேரியோ, இவன் நம்ம பையன்டா! பொண்ணைக் கொடுத்துடு!"

"கொடுங்க மாமா!"

சவேரியோ நீளமாகப் பெருமூச்சு விட்டார். "இத்தனை பேர் ஒண்ணு சேர்ந்தா நான் என்ன பண்றது? கொடுத்தேன், போங்க!"

ஒயின் கோப்பைகள் மோதின. சமையலறையில் நுன்சியாவின் காதைப் பிடித்துத் திருகினாள் அவள் அம்மா.

"கள்ளி, பெரியப்பாவை வரவிடாம பண்ணது நீதானே?"

"ஐயோ, மாதா சத்தியமா நான் இல்லம்மா!"

அதே நேரம் பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு, போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார் சவேரியோ.

"எத்தோரே அண்ணே, சொன்னபடி காய்ச்சல்ல படுத்தியே, நீ நல்லா இருப்பே! நாளைக்கு மதியம் குணமாகி வந்துடு. என்ன பண்றது, நானா விலையை இறக்கினா கடைப் பேரு கெட்டுடும். ஊரே கெஞ்சி இறக்கினாத்தானே மரியாதை!"