கண்ணால் கண்ட திமிங்கலம்

"புருவமா? திமிங்கலத்துக்கா?"

ஓவியரின் பென்சில் காகிதத்தைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றது.

"பின்னே? ரெண்டு புருவமும் நடுவுல சேர்ந்தே இருக்கும். காடு மாதிரி" என்றார் மாலுமி, நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு.

கடல் விலங்குகளைப் பற்றி அச்சகம் ஒரு பெரிய புத்தகம் போடப்போகிறது. "நேர்ல பார்த்தவங்களைக் கேட்டு உள்ளது உள்ளபடி வரையணும். முதல் படம் சரியா வந்தா மிச்ச நாற்பதும் உங்களுக்கு. இல்லேன்னா பழையபடி மருந்துப் புட்டிக்கு லேபிள்தான்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஓவியருக்கும் கடலுக்கும் இருந்த உறவு கணுக்கால் அளவுதான். அதனால்தான் முப்பது வருஷம் கப்பலில் போனவரை வலைவீசிப் பிடித்து வந்திருந்தார்.

"மீசை?" பயந்துகொண்டேதான் கேட்டார்.

"முறுக்கின மீசை! மூச்சு விட்டா 'புஸ்ஸு'ன்னு ரெண்டு பக்கமும் பறக்கும்."

ஓவியருக்கு வேர்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அச்சடித்த படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மனைவி, தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு தோள் குலுங்கினாள். ஓவியர் முறைத்துப் பார்த்தார். குலுக்கல் அதிகமானதுதான் மிச்சம்.

"அண்ணே, பிள்ளைங்க படிக்கிற புத்தகம். ஒரு தடவையாவது நிஜமா வரையணும்னு பார்க்கறேன். கப்பல் ஆட்டத்துல சரியா தெரியாம…"

"யோவ், உப்புக்காத்துல ஊறின கண்ணுய்யா இது! வரைஞ்சுக்கோ. இடது காது மடங்கியிருக்கும். கண்ணு பாதிதான் திறந்திருக்கும். வயிறு…" மாலுமி இரண்டு கைகளையும் விரித்தார். கை போதவில்லை.

"இடது காதேதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திச் சொன்னா நான் கோவிச்சுக்கவே மாட்டேன்."

"சத்தியமா இடதுதான்!"

வேறு வழி? வரைந்தார்.

மாலையில் முதலாளி தடிமனான பழைய புத்தகம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். அதிலிருந்த திமிங்கலத்தையும் புதுத் திமிங்கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புருவம், மீசை, காது, ஒன்றும் பிசகவில்லை.

"அச்சு அசல்! கப்பலுக்குக் கப்பல் இந்தப் புத்தகத்தைத்தான் வெச்சிருக்காங்க. வரைஞ்சவன் பேர்கூடப் போட்டுக்கல. எந்த மகானோ, உயிரைப் பணயம் வெச்சு பக்கத்துல போய்ப் பார்த்திருக்கான்!"

"எங்க கப்பல்லயும் இருந்துச்சு. எனக்கு மனப்பாடம்!" என்றார் மாலுமி பெருமையாக.

ஓவியர் பழைய புத்தகத்தை மெல்ல மூடினார். "ஐயா, அந்தப் பழைய படமே தப்பா இருந்தா?"

"பொறாமைப்படாதீங்க. அந்த மகான் கைவேலை உங்களுக்கு வராது. இருந்தாலும் நாற்பதும் உங்களுக்குத்தான்!"

இருவரும் படியிறங்கியதும் மனைவி தூரிகையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இதுக்குத்தான் இருபது வருஷத்துக்கு முன்னாடியே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! இந்தப் பழைய புத்தகத்துக்கு நீங்க திமிங்கலம் வரையறப்போ, மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்கற எங்கப்பாவைப் பார்த்து வரையாதீங்கன்னு!"